வாழ்நாள் மாத்திரையும் வரவிருக்கும் ஊசியும்: நாள்பட்ட ஹெபடைடிஸ் பி சிகிச்சையை அணுகும் முறை

வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனை, இரத்ததான முகாம், அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை, கர்ப்பிணிக்குச் செய்யும் முதல் இரத்தப் பரிசோதனை ஆகிய இவற்றில் ஏதோ ஒன்றில்தான் பலருக்குத் தம் உடலில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது தெரியவருகிறது. அதுவரை உடம்பில் ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. அன்றிரவே கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்குகிறவர், ஒரு பக்கத்தில் ‘இதற்கு மருந்தே இல்லை’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘முழுமையாகக் குணப்படுத்தும் புதிய ஊசி வந்துவிட்டது’ என்றும் படிப்பார். முதல் செய்தியை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுபவர்களும் உண்டு. இரண்டாம் செய்தியை நம்பி, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. இருவருமே ஆபத்தான இடத்தில் நிற்கிறார்கள்.

புதிய மருந்துகள் வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் இதுவரை வெளியான ஆய்வுகளைப் பார்த்தால், அவற்றால் முதலில் பயனடையக்கூடியவர் இப்போதுள்ள மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டு, வைரஸைக் கட்டுக்குள் வைத்து, தம் பரிசோதனைக் கோப்பை ஒழுங்காகப் பேணி வருபவரே. ஆகவே இந்த வழிகாட்டி, கோப்பிலிருந்தே தொடங்குகிறது.

அறிக்கையைப் படித்தறிதல்

ஆய்வகம் தரும் முதல் தாளில் எச்.பி.எஸ்.ஏஜி என்னும் மேலுறைப் புரதம் ‘ரியாக்டிவ்’ என்று அச்சிடப்பட்டிருக்கும். அதன் அருகே 3,850 என்றோ 4,500 என்றோ ஓர் எண்ணும் இருக்கலாம். அந்த எண்ணைப் பார்த்து, ‘வைரஸ் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது’ என்று கலங்குபவர்களை அடிக்கடி காண முடிகிறது. அது வைரஸின் எண்ணிக்கை அல்ல. கருவி பதிவுசெய்த ஒளிச்சமிக்ஞை, வரம்பைப் போல எத்தனை மடங்கு என்று காட்டும் குறியீடு மட்டுமே. அதை வைத்து நோயின் கடுமையையோ சிகிச்சையின் தேவையையோ தீர்மானிக்க இயலாது.

ஆறு மாத இடைவெளியில் மீண்டும் பரிசோதித்தும் எச்.பி.எஸ்.ஏஜி மறையாமல் இருந்தால் அதை நாள்பட்ட தொற்று என்பார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றைப் பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு அது நாள்பட்டதாக நிலைத்துவிடுகிறது. வளர்ந்த பிறகு முதன்முதலாகத் தொற்றுக்கு ஆளாகிறவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே அப்படி நிலைக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நாட்டு மருந்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

கோப்பில் அடுத்து இருக்க வேண்டியவை இவை: ‘வைரல் லோட்’ எனப்படும் எச்.பி.வி. டி.என்.ஏ. அளவு, வைரஸ் மும்முரமாகப் பெருகுவதைக் காட்டும் எச்.பி.இ.ஏஜி என்னும் புரதம் உண்டா இல்லையா என்ற முடிவு, எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. ஆகிய கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் எண்ணிக்கை, வயிற்று அல்ட்ராசவுண்ட், இயன்றால் கல்லீரலின் இறுக்கத்தை அளந்து தழும்பைக் காட்டும் ஃபைப்ரோஸ்கேன். இவற்றோடு சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி, பி இருப்பவர்களை மட்டுமே தொற்றும் ஹெபடைடிஸ் டி ஆகியவற்றுக்கான பரிசோதனைகள். எச்.ஐ.வி. பரிசோதனை எதற்கு என்று சிலர் மனம் புண்படுகிறார்கள். ஹெபடைடிஸ் பி-க்குக் கொடுக்கப்படும் டெனோஃபோவிர் எச்.ஐ.வி.யின் மேலும் வேலை செய்யும் மருந்து, எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல் அதைத் தனியாகக் கொடுத்தால் அந்த வைரஸ் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். காரணம் அவ்வளவுதான். இதன் மறுபக்கமாக, மாத்திரைப் பட்டையின் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்து ‘எய்ட்ஸ் மருந்தா?’ என்று வீட்டார் சந்தேகப்படும் சங்கடமும் நேர்வதுண்டு. ஒரே மருந்து இரு நோய்களுக்கும் பயன்படுகிறது என்பதை மாத்திரை தொடங்கும் நாளிலேயே வீட்டில் சொல்லிவிடுவது உத்தமம்.

வைரல் லோட் அறிக்கையில் அலகைக் கவனிக்க வேண்டும். இன்று பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு இத்தனை ஐ.யூ. (சர்வதேச அலகு) என்றே தருகிறார்கள், பழைய அறிக்கைகளில் ‘காப்பி’ கணக்கு இருக்கும். ஓர் ஐ.யூ. என்பது தோராயமாக ஐந்து காப்பிகள். பழைய தாளில் 10,000 காப்பி என்றும் புதிய தாளில் 2,000 ஐ.யூ. என்றும் இருந்தால் வைரஸ் குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம்; இரண்டும் ஒன்றே. ‘3.2 × 10⁵’ என்று இருந்தால் அது 3,20,000. சிகிச்சை தொடங்கிய பின் வரும் அறிக்கைகளில் ‘கண்டறியப்படவில்லை’ என்பதும் ‘அளவிடும் வரம்புக்குக் கீழ்’ என்பதும் வெவ்வேறு: முன்னதில் கருவிக்கு வைரஸ் தென்படவே இல்லை, பின்னதில் தென்பட்டது, ஆனால் எண்ணிச் சொல்லும் அளவுக்கு இல்லை.

ஃபைப்ரோஸ்கேன் வசதி இல்லாத ஊர்களில், கையில் இருக்கும் இரத்த அறிக்கையை வைத்தே கல்லீரலின் தழும்பை மதிப்பிட ‘ஏப்ரி’ என்றொரு கணக்கு உண்டு. எஸ்.ஜி.ஓ.டி. அளவை அந்த ஆய்வகத்தின் உச்ச வரம்பால் வகுத்து, வந்ததைப் பிளேட்லெட் எண்ணிக்கையால் (ஆயிரக் கணக்கில்) வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 60, வரம்பு 40, பிளேட்லெட் 1.5 லட்சம், அதாவது 150 ஆயிரம் என்று கொள்வோம். 60-ஐ 40-ஆல் வகுத்தால் 1.5, அதை 150-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 1. அதே எஸ்.ஜி.ஓ.டி. உள்ள இன்னொருவருக்குப் பிளேட்லெட் 3 லட்சம் இருந்தால் விடை 0.5. நொதி ஒன்றாகவே இருந்தும் இருவருடைய கல்லீரலும் ஒரே நிலையில் இல்லை என்பதைப் பிளேட்லெட் காட்டிக்கொடுக்கிறது. டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பிறகு சில வாரங்களுக்கு இந்தக் கணக்கைப் போடக் கூடாது, டெங்குவில் எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், பிளேட்லெட் இறங்கும், கணக்கு வீணாகப் பயமுறுத்தும்.

மாத்திரை யாருக்குத் தேவை

பல ஆண்டுகளாக மருத்துவர்கள் ‘இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கொருமுறை பார்த்துக்கொள்ளலாம்’ என்று பலரை அனுப்பிவந்தார்கள். அன்றைய விதிகளின்படி அது தவறும் அல்ல. ஆனால் விதிகள் தளர்ந்துள்ளன. உலக சுகாதார நிறுவனம் 2024 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல், முன்பைவிட மிகப் பலரைச் சிகிச்சைக்கு உரியவர்களாக்கியது. கல்லீரலில் குறிப்பிடத்தக்க தழும்பு இருந்தால், அதாவது ஏப்ரி 0.5-க்கு மேலோ ஃபைப்ரோஸ்கேன் 7 கிலோபாஸ்கலுக்கு மேலோ இருந்தால், வைரல் லோட் எவ்வளவாயினும் சிகிச்சை. வைரல் லோட் 2,000 ஐ.யூ.வைத் தாண்டி எஸ்.ஜி.பி.டி.யும் இயல்புக்கு மேல் இருந்தால் சிகிச்சை. இயல்பு என்பது ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19. ஆய்வகத் தாளில் 40 அல்லது 45 வரை இயல்பு என்று அச்சிட்டிருப்பார்கள். 34 என்று வந்த ஒரு பெண்ணின் அறிக்கையில் எந்தச் சிவப்புக் குறியும் இராது. ஆனால் இந்த அளவுகோலின்படி அது உயர்வே.

இவை தவிர, குடும்பத்தில் யாருக்கேனும் கல்லீரல் புற்றுநோயோ, கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப்போகும் சிரோசிஸோ இருந்திருந்தால், நோயாளிக்குச் சர்க்கரை நோயோ கொழுப்புக் கல்லீரலோ இருந்தால், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி அல்லது ஹெபடைடிஸ் டி உடன் இருந்தால், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நெடுநாள் உட்கொண்டால், அப்போதும் சிகிச்சை. சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணம் என்பதை எண்ணிப் பார்த்தால், ‘உங்களுக்கு மருந்து தேவையில்லை’ என்று சில ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்டவர் இன்று மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது பொருத்தமானது. தைவானில் 3,653 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இரத்தத்தில் வைரஸ் கூடக்கூடக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்தும் கூடுவதைக் காட்டியது. நொதிகள் இயல்பாக இருப்பது மட்டும் பாதுகாப்பாகாது என்ற எண்ணம் வலுப்பெற அதுவும் ஒரு காரணம்.

எந்த மாத்திரை, எப்படி உட்கொள்வது

1998-இல் லாமிவுடின் வந்தபோது பெரும் நம்பிக்கை எழுந்தது. ஆனால் ஐந்தாண்டுகளில் அதை உட்கொண்டவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் வைரஸ் மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டது. யாரேனும் இன்றும் ஹெபடைடிஸ் பி-க்கு லாமிவுடினை மட்டும் எழுதிக்கொடுத்தால், ஏன் என்று கேட்கத் தயங்க வேண்டாம். இன்று முதன்மையாகப் பயன்படுபவை மூன்று: என்டெகாவிர், டெனோஃபோவிர் டைசோபுராக்சில், டெனோஃபோவிர் அலாஃபெனமைட். மூன்றுமே வைரஸை அடக்குவதில் வல்லவை; மூன்றிலும் எதிர்ப்பு உருவாவது அரிது. தேர்வு பெரும்பாலும் நோயாளியின் சிறுநீரகம், எலும்பு, பழைய மருந்து வரலாறு ஆகியவற்றைப் பொறுத்தது.

டைசோபுராக்சில் 300 மில்லிகிராம்; அலாஃபெனமைட் 25 மில்லிகிராம். மருந்துக்கடையில் மாற்றிக் கொடுத்தால் ‘பன்னிரண்டில் ஒரு பங்குதானே இருக்கிறது’ என்று ஐயம் எழலாம். அலாஃபெனமைட், இரத்தத்தில் சிதையாமல் கல்லீரல் செல்லுக்குள் போய்ச் சேரும்படி வடிவமைக்கப்பட்டது. அதனால் குறைந்த அளவே போதும், சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் நேரும் பாதிப்பும் குறைவு. ஹெபடைடிஸ் பி-க்கு அமெரிக்காவில் 2016-இல் ஒப்புதல் பெற்ற இதுதான், நடைமுறையில் பரவலாகக் கிடைக்கும் ‘புதிய’ வாய்வழி மருந்து. எல்லோருக்கும் இது உகந்தது என்று பொருளல்ல: கொழுப்பு அளவு சற்றே ஏறக்கூடும், காசநோய்க்கான ரிஃபாம்பிசினோடும், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபைன் ஆகியவற்றோடும் சேராது. காசநோய் மாத்திரை தொடங்கும் ஒருவர், தாம் அலாஃபெனமைட் உட்கொள்வதை அந்த மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

டைசோபுராக்சில் உட்கொள்பவர்கள், குறிப்பாக அறுபது வயதைக் கடந்தவர்களும் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களும், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் பாஸ்பரஸ் ஆகியவற்றைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் வலிநிவாரணிகள் இந்த மருந்தோடு சேரும்போது சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை.

என்டெகாவிரில் ஒரு நுணுக்கம் உண்டு: வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். உட்கொண்ட பின் இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுபவர் பத்து மணிக்கு மாத்திரை போட்டுப் படுத்துவிடுவது எளிய வழி. காலையில் என்றால் காபிக்கும் காத்திருக்க வேண்டிவரும், அது பலருக்கு ஆகாது. அலாஃபெனமைட்டை உணவோடு உட்கொள்வது நல்லது. டைசோபுராக்சிலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. முன்பு லாமிவுடின் உட்கொண்டு பலன் இழந்தவர்களுக்கு என்டெகாவிரைவிட டெனோஃபோவிரே ஏற்றது. ஆகவே பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கி எறியக் கூடாது.

ஒரு வேளை மறந்துவிட்டால் அன்றைக்குள் நினைவு வரும்போது போட்டுக்கொள்ளலாம். மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. ஊருக்குப் போகும்போது தேவைக்கு மேல் ஒரு பட்டை கையில் இருக்கட்டும். அரசின் தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28-இல் தொடங்கப்பட்டது; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் அதன் மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தனியாரிடம் மாதாமாதம் வாங்க முடியாமல் இடையில் விடுபவர்கள், விடுவதற்கு முன் அங்கே போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஊசிகள் எதை மாற்ற வருகின்றன

ஹெபடைடிஸ் சி-யை மாத்திரையால் பன்னிரண்டு வாரத்தில் குணப்படுத்த முடிகிறபோது பி-யை ஏன் முடியவில்லை என்பது நியாயமான கேள்வி. ஹெபடைடிஸ் பி வைரஸ், கல்லீரல் செல்லின் உட்கருவில் தன் மரபணுவை வளைய வடிவில் சுருட்டி வைத்துவிடுகிறது. அது ஒரு பத்திரத்தின் மூலப்படியைப் போன்றது: மாத்திரைகள் நகல் எடுக்கும் வேலையைத்தான் தடுக்கின்றன, மூலப்படியை அவை தொடுவதில்லை. போதாக்குறைக்கு, வைரஸின் மரபணுத் துண்டுகள் நம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகிக்கொண்டு, எச்.பி.எஸ்.ஏஜி புரதத்தை ஓயாமல் உற்பத்தி செய்கின்றன. இரத்தத்தில் நிறைந்து கிடக்கும் அந்தப் புரதத்தால் நோய் எதிர்ப்பாற்றலே களைத்துப் போகிறது. மாத்திரை உட்கொள்பவர்களில் எச்.பி.எஸ்.ஏஜி முற்றிலும் மறைவது ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டினருக்குக்கூட நேர்வது அரிது. மருத்துவர்கள் இன்று குறிவைப்பது ‘செயல்முறைக் குணம்’: சிகிச்சையை நிறுத்தி 24 வாரம் கழிந்த பின்னும் எச்.பி.எஸ்.ஏஜியும் வைரஸ் டி.என்.ஏ.வும் இரத்தத்தில் தென்படாமல் இருத்தல். மூலப்படி அப்போதும் உள்ளே இருக்கும்; ஆனால் உடல் அதைத் தானே அடக்கிவைத்திருக்கும்.

இதற்கான பழைய ஆயுதம், நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெக்இன்டர்ஃபெரான். வாரம் ஓர் ஊசி வீதம் 48 வாரம். காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு என்று பக்கவிளைவுகள் ஏராளம். ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபணு வகைகளில் நம் நாட்டில் அதிகம் காணப்படும் டி வகை (இது ஹெபடைடிஸ் டி அல்ல) அதற்குச் சரியாக இணங்குவதில்லை. அதனால்தான் இங்கே அது பெரிதாக வேரூன்றவில்லை.

புதியவற்றில் மிகவும் முன்னேறியிருப்பது ஜி.எஸ்.கே. நிறுவனத்தின் பெபிரோவிர்சென். வைரஸின் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கும் இந்த மருந்து, எச்.பி.எஸ்.ஏஜி உற்பத்தியைக் குறைப்பதோடு நோய் எதிர்ப்பாற்றலையும் சற்றுத் தூண்டிவிடுகிறது. தோலடியில் வாரம் 300 மில்லிகிராம் என 24 வாரம் செலுத்தி நடத்திய இரண்டாம் கட்ட ஆய்வின் முடிவுகள் 2022-இல் வெளிவந்தன: ஏற்கெனவே மாத்திரையில் இருந்தவர்களில் 9 விழுக்காட்டினரும், மாத்திரை இல்லாதவர்களில் 10 விழுக்காட்டினரும் ஊசி முடிந்து 24 வாரம் கழித்தும் வைரஸும் எச்.பி.எஸ்.ஏஜியும் தென்படாத நிலையில் இருந்தார்கள். பத்தில் ஒருவர் என்பது சொற்பமாகத் தோன்றலாம். ஆண்டுக்கு நூறில் ஒருவருக்கே அபூர்வமாக நிகழ்ந்ததோடு ஒப்பிட்டால் அது பெரிய தாவல்; ‘முழுக் குணம் தரும் ஊசி’ என்ற தலைப்போடு ஒப்பிட்டால் பெரிய ஏமாற்றம். இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நோயாளி கவனிக்க வேண்டியது இதைவிட முக்கியமான வேறொன்று: தொடக்கத்தில் எச்.பி.எஸ்.ஏஜி அளவு குறைவாக இருந்தவர்களிடமே பலன் கூடுதலாக இருந்தது. மூன்றாம் கட்டச் சோதனைகளுக்கு, மாத்திரையால் வைரஸ் கட்டுப்பட்டு, எச்.பி.எஸ்.ஏஜி 3,000 ஐ.யூ.வைத் தாண்டாதவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். ரோஷ் நிறுவனத்தின் சால்னெசிரான் என்னும் இன்னொரு வகை ஊசியிலும் இதே கதைதான். 2024 இறுதியில் வெளியான அதன் ஆய்வில், பெக்இன்டர்ஃபெரானோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட சிறு குழுவில் 23 விழுக்காட்டினருக்கு எச்.பி.எஸ்.ஏஜி மறைந்தது, தனியாகக் கொடுத்தபோது 3 முதல் 7 விழுக்காடுதான். மறைந்தவர்கள் அனைவரும் 1,000 ஐ.யூ.வுக்குக் கீழ் தொடங்கியவர்கள்.

ஆகவே, புதிய மருந்துகளில் ஆர்வமுள்ளவர் தம் மருத்துவரிடம் கேட்க வேண்டிய பரிசோதனை ‘எச்.பி.எஸ்.ஏஜி குவான்டிடேட்டிவ்’. ‘ரியாக்டிவ்’ என்று மட்டும் சொல்லும் சாதாரணச் சோதனை அன்று; மில்லிலிட்டருக்கு எத்தனை ஐ.யூ. என்று அளந்து தருவது. ஆண்டுக்கொருமுறை எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும். மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்களுக்கு இந்த எண் மெதுவாக இறங்கக்கூடும். அப்படி இறங்கி ஆயிரத்துக்குக் கீழே வந்தவர்தான் இந்த ஊசிகளின் வாசலுக்கு மிக அருகில் நிற்பவர். மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவர் அந்த வாசலிலிருந்து விலகிப் போகிறார்.

வேறு சில முயற்சிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வைரஸின் உள்ளுறையைக் கட்டவிடாமல் தடுக்கும் மாத்திரைகள் டி.என்.ஏ.வை நன்கு குறைத்தன, எச்.பி.எஸ்.ஏஜியை அசைக்கவில்லை. மூலப்படியையே வெட்டிச் சிதைக்கும் மரபணுத் திருத்த முறைகள் இப்போதுதான் மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனைக்கு வந்திருக்கின்றன. பி-யோடு ஹெபடைடிஸ் டி வைரஸும் சேர்ந்தவர்களுக்குப் புலெவிர்டைட் என்னும் ஊசி ஐரோப்பாவில் 2020-இல் நிபந்தனையோடும் 2023-இல் முழுமையாகவும் ஒப்புதல் பெற்றது. வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாயிலையே அது அடைக்கிறது, நாள்தோறும் 2 மில்லிகிராம் போட வேண்டும். இது டி தொற்று உள்ளவர்களுக்கானது.

மருந்து ஆய்வில் சேர அழைப்பு வந்தால், முதலில் அது இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. பங்கேற்பவரிடம் மருந்துக்குப் பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். ஆய்வால் உடல்நலக் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவத்துக்கும் இழப்பீட்டுக்கும் 2019-ஆம் ஆண்டின் விதிகளில் இடமுண்டு. கையெழுத்திடுமுன் இன்னும் ஒன்றைக் கேட்டுத் தெளிய வேண்டும்: ‘ஆய்வின் எந்தக் கட்டத்திலாவது என் பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்வீர்களா? நிறுத்தினால் எத்தனை வாரத்துக்கொருமுறை இரத்தம் பார்ப்பீர்கள்? நொதி ஏறினால் யாரை, எந்த நேரத்தில் அழைப்பது?’ இதற்குத் தெளிவான விடை எழுத்தில் இருக்க வேண்டும்.

கீழாநெல்லி

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுக்காமல் கல்லீரலைப் பற்றி எழுத முடியாது. எச்.பி.எஸ்.ஏஜியைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், கீழாநெல்லிப் பொடி உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏஜி மறைந்ததாகவும், வெற்று மாத்திரை உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததாகவும் பதிவாயிற்று. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் மீண்டும் கிட்டவில்லை. அறிவியலில் ஒரு முடிவு நிற்க வேண்டுமானால் இன்னொருவர் கையிலும் அது பலித்தாக வேண்டும்.

வீடுகளில் அதற்குள்ள நற்பெயருக்குக் காரணம் வேறு. ஹெபடைடிஸ் ஏ காமாலை தானாகவே தணிவது. வளர்ந்தவர்களுக்குப் புதிதாக வரும் ஹெபடைடிஸ் பி-யும், முன்பே சொன்னபடி, பெரும்பாலும் தானாகவே நீங்குவது. அந்த நாள்களில் எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்கே போய்ச் சேரும். கீழாநெல்லியை மதிப்பதில் தவறில்லை. அதை நம்பி டெனோஃபோவிரை நிறுத்துவது தவறு. ‘லிவர் டானிக்’ என்றும் ‘காமாலை மருந்து’ என்றும் பெயர் தெரியாத பொடிகளை வாங்கி உண்பது அதைவிடத் தவறு. அவற்றில் சில கல்லீரலையே தாக்கக்கூடியவை.

கர்ப்பிணிகளும் குடும்பத்தாரும்

கர்ப்பிணியின் வைரல் லோட் 2,00,000 ஐ.யூ. அல்லது அதற்கு மேல் இருந்தாலோ எச்.பி.இ.ஏஜி இருந்தாலோ, குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க டெனோஃபோவிர் டைசோபுராக்சில் கொடுக்கப்படுகிறது; இரண்டாம் மும்மாதத்திலிருந்து குறைந்தது பிரசவம் வரையில். குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், கிடைக்குமிடத்தில் 12 மணி நேரத்துக்குள் ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். வாழ்க்கைத் துணை, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவரும் எச்.பி.எஸ்.ஏஜி பரிசோதித்து, இல்லாதவர்கள் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தவணை தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சவரக் கத்தி, பல் துலக்கி, நகவெட்டி இவற்றைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். தட்டையும் தம்ளரையும் தனியாக ஒதுக்கி வைப்பது மருத்துவத்தில் இல்லாத வழக்கம். வீட்டில் ஒருவரை மனம் நோகச் செய்வதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

நிறுத்துவது எப்போது

சிரோசிஸ் வந்துவிட்டவர்கள் மாத்திரையைப் பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும்; இதில் பேரம் பேச இடமில்லை. மற்றவர்களில், எச்.பி.எஸ்.ஏஜி மறைந்து மறுபரிசோதனையிலும் அது உறுதிப்பட்டவர்களுக்கு மருத்துவர் நிறுத்தச் சொல்லலாம். எச்.பி.இ.ஏஜி மறைந்து அதற்கான எதிர்ப்புப் புரதம் தோன்றியவர்களுக்கும், குறைந்தது ஓராண்டு கூடுதலாக மருந்து கொடுத்த பிறகு நிறுத்திப் பார்ப்பதுண்டு. பலர் மூன்றாண்டு காத்திருப்பதையே விரும்புகிறார்கள். நிறுத்திய முதல் ஆண்டில் இரத்தப் பரிசோதனை அடிக்கடி தேவை. ‘வைரஸ் தெரியவில்லை என்று வந்துவிட்டதே’ என்று தானாகவே நிறுத்தியவர்களுக்கு, சில வாரங்களிலோ மாதங்களிலோ வைரஸ் சீறி எழுந்து, நொதிகள் ஆயிரக்கணக்கில் ஏறி, கல்லீரல் செயலிழந்து மருத்துவமனையில் சேர நேர்ந்த நிகழ்வுகள் எந்தக் கல்லீரல் மருத்துவருக்கும் புதியவை அல்ல. வைரஸ் தெரியாமல் இருப்பது மாத்திரை உள்ளே இருப்பதால்தான்.

மாத்திரை புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்காது. சிரோசிஸ் உள்ளவர்களும், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் இருந்தவர்களும் ஆறு மாதத்துக்கொருமுறை அல்ட்ராசவுண்டும், மருத்துவர் சொன்னால் ஏ.எஃப்.பி. என்னும் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். சிரோசிஸ் உள்ள ஒருவருக்கு எச்.பி.எஸ்.ஏஜி மறைந்துவிட்டாலும், அது மாத்திரையால் மறைந்ததாயினும் நாளை ஊசியால் மறைந்ததாயினும், இந்தக் கண்காணிப்பு தொடரும்.

மூலப்படி உள்ளேயே இருப்பதால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. புற்றுநோய்க்கான கீமோதெரபி, நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப், உறுப்பு மாற்றத்துக்குப் பிந்தைய மருந்துகள், நீண்டநாள் ஸ்டீராய்டு, ஹெபடைடிஸ் சி-க்கான மாத்திரைகள் ஆகியவை அடங்கியிருக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை மீண்டும் எழுப்பக்கூடும். குணமாகிவிட்டது என்று சொல்லப்பட்டவருக்கும் இது பொருந்தும். முடக்குவாதத்துக்கோ தோல் நோய்க்கோ வேறொரு மருத்துவரிடம் போகும்போது அவர் தாமாகக் கேட்பார் என்று இருந்துவிடாமல், கோப்பின் முதல் பக்கத்திலேயே ‘ஹெபடைடிஸ் பி இருந்தது, இன்ன ஆண்டில் எச்.பி.எஸ்.ஏஜி மறைந்தது, இன்ன மருந்து உட்கொண்டேன்’ என்று தெளிவாக எழுதி, மருத்துவர் எழுதுகோலை எடுக்கும் முன் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும்.